முட்டி மாத்தினதுக்கு அப்புறம் வாக்கர், கைத்தடி: எங்க வீட்டுல பட்டு தெரிஞ்சுக்கிட்டது

எங்க அத்தைக்கு (வீட்டுக்காரரோட அம்மா, வயசு 63) போன மாசி மாசம் வலது முட்டி மாத்தினாங்க. ஆபரேஷன் சேலத்துல, வீடு காரிமங்கலம் பக்கத்துல ஒரு கிராமம். ஆஸ்பத்திரியில அவங்க வாக்கர் புடிச்சு நடந்தத பாத்து பக்கத்து பெட்டுக்காரங்களே மூக்கு மேல விரல வெச்சாங்க, மறுநாளே எந்திரிச்சு நடந்துட்டாங்கன்னு. ஆனா அங்க என்ன இருக்கு, வழவழன்னு டைல்ஸ், அகலமான வராண்டா, சுவத்துல கம்பி, கூடவே நடக்க பழக்கி விடற பிசியோதெரபி தம்பி (பிசியோ). கார் வந்து எங்க வாசல்ல நின்னப்ப தான் எனக்கு உறைச்சுது, ரெண்டு படி, நிலவாசல், அதுக்கு அந்தாண்ட பழைய சேலைல தைச்ச மிதியடி, அதுக்கும் அந்தாண்ட பாய். அத்தை நடக்க கத்துக்கிட்டு வந்துட்டாங்க, வீடு இன்னும் கத்துக்கல.

அதனால புதுசா இந்த வேலையில மாட்டறவங்களுக்கு வரிசையா சொல்லிடறேன். நான் டாக்டர் இல்ல, கூட இருந்து பாத்தவ. முட்டி மாத்தினவங்கள்ல நிறைய பேருக்கு தாங்கற அளவுக்கு கால் மேல முழு எடையும் போடலாம்னு தான் சொல்லுவாங்க, ஆனா உங்க டாக்டர் பாதி எடை தான்னு சொல்லியிருந்தா அவர் சொன்னது தான், நான் சொல்றது இல்ல.

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னாடி

வாக்கர டிஸ்சார்ஜ் அன்னிக்கு அவசரமா வாங்காதீங்க. முன்னாடியே கொண்டு வந்து, பேஷண்ட் அதை புடிச்சுக்கிட்டு கட்டில்ல இருந்து பாத்ரூம், அங்க இருந்து அடுப்படி, அப்புறம் வாசல்னு ஒரு ரவுண்டு நடந்து பாக்கட்டும். எங்கெங்க இடிக்குதுன்னு அன்னிக்கே தெரிஞ்சுடும். எங்க பாத்ரூம் வாசக்கால் 24 இஞ்ச், வாக்கர் 22 இஞ்ச், கணக்குக்கு போயிடனும் இல்லையா, ஆனா கதவு முழுசா தொறக்காம உள்ள இருக்கற தொட்டி மேல இடிச்சு நிக்குது, மிச்சம் வழி 20 தான். கடைசியில கதவையே கழட்டி வெச்சுட்டு துணி மாட்டினோம். அத்தைக்கு அது பெரிய மானப்பிரச்சனை, ரெண்டு நாள் என்கூட சரியா பேசல. அதையெல்லாம் ஆபரேஷனுக்கு முன்னாடியே பேசி முடிச்சிருந்தா அழகா போயிருக்கும்.

எந்த வாக்கர்னா, சாதாரண அலுமினிய மடக்கு வாக்கர் போதும், நாலு காலும் ரப்பர் புஷ் போட்டது. முன்னாடி ரெண்டு சக்கரம் வெச்சதும் வருது, டைல்ஸ் தரைக்கு சௌகரியம், தூக்கி தூக்கி வைக்க தேவையில்ல, ஆனா எங்க மாதிரி மண் வாசல், ஜல்லி கொட்டின ரோடுன்னா சக்கரம் சிக்கும். ஒரு பக்கம் மாத்தி ஒரு பக்கம் நகர்ற மாதிரியும் ஒன்னு இருக்கு, பிசியோ சொன்னா மட்டும் அது. நாலு சக்கரம், பிரேக், உக்கார சீட்டுன்னு கார் மாதிரி இருக்கறத பாத்து ஆசைப்பட்டு வாங்கிடாதீங்க, ஆரம்பத்துல அதுமேல சாய்ஞ்சா அது முன்னாடி ஓடிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு ஊர்லயும் சர்ஜிகல் கடையில கிடைக்குது, நாங்க 1,400 ரூபாய்க்கு வாங்கினோம். அதுக்கு முன்னாடி ஒரு கூத்து நடந்தது, அத கீழ சொல்றேன்.

வீட்டுல எடுக்க வேண்டியது: மிதியடி எல்லாம், பாய், குறுக்க போற ஒயரு, கீழ வைக்கற தண்ணி குடம். கயித்து கட்டில் வேணாம், குழியில உக்காந்த மாதிரி ஆயிடும், எந்திரிக்கவே முடியாது. உக்காந்தா இடுப்ப விட முட்டி கொஞ்சம் கீழ இருக்கற உயரத்துல கட்டிலும் சேரும் வேணும். கை வெச்ச பிளாஸ்டிக் சேர் ஒன்னு தனியா தாழ்வா இருந்தா ஒன்னு மேல ஒன்னா ரெண்டு மூணு அடுக்கிக்கலாம், கொஞ்சம் உயரமும் கிடைக்கும், கனமும் கூடும், ஆனா சுவத்தோட ஒட்டி போடுங்க, இல்லனா வழுக்கிட்டு பின்னாடி போகும்.

உயரம் சரி பண்றது

இதுல தான் கூத்து. மொதல்ல நாங்க வாக்கர் வாங்கல, எங்க சொந்தத்துல ஒரு பெரியப்பா இடுப்பு ஆபரேஷனுக்கு வாங்கினது பரண்ல இருந்தது, அத தொடைச்சு கொண்டு வந்தோம். அவர் ஆறடி ஆளு, அத்தை அஞ்சடி கூட இல்ல. அதை புடிச்சு நின்னா தோள் ரெண்டும் காது கிட்ட ஏறிடுச்சு, பாக்கறதுக்கு கரகம் தூக்கின மாதிரி. இருக்கறதுலயே கீழ் ஓட்டைக்கு இறக்கியும் பத்தல. அதுவுமில்லாம ரப்பர் புஷ்ஷுல ஒன்னு தேய்ஞ்சு அலுமினியம் வெளிய தெரியுது, ஈரத்துல அத வெச்சா ஐஸ்ல வெச்ச மாதிரி தான். ஓசியில கிடைச்சா வாங்குங்க, தப்பில்ல, ஆனா உயரமும் புஷ்ஷும் பாக்காம புடிக்க விடாதீங்க.

அளவு ரொம்ப சுலபம். வழக்கமா போடற செருப்ப போட்டுக்கிட்டு நேரா நிக்கனும், கை ரெண்டையும் தளர்வா தொங்க விடனும், மணிக்கட்டுல வளையல் போடற இடத்துல ஒரு கோடு இருக்கு பாருங்க, வாக்கர் கைப்பிடி அந்த கோட்டுக்கு வரனும். அப்ப கைப்பிடிய புடிச்சா முழங்கை லேசா மடங்கி இருக்கும், அதுதான் சரி. வாக்கர் கால்ல சின்ன பட்டன் இருக்கும், அத அமுக்கி இழுத்தா உயரம் மாறும், டிக்குனு சத்தம் வந்து பட்டன் ஓட்டைக்கு வெளிய முழுசா துருத்திக்கிட்டு நிக்கனும். நாலு கால்லயும் ஓட்டைய எண்ணுங்க. புது வாக்கர்ல மூணு கால் மூணாவது ஓட்டையில, ஒன்னு மட்டும் நாலாவதுல வெச்சுட்டு, என்னடா இது தாளம் போடுதுன்னு தரைய குத்தம் சொல்லிட்டு இருந்தோம் நாங்க. மடக்கு வாக்கர்னா விரிச்சதும் லாக் விழுந்துச்சான்னு ஒரு தடவ அமுக்கி பாத்துட்டு அப்புறம் புடிக்கனும், தினமும்.

நடக்கறது

வரிசை ஒன்னே ஒன்னு தான்: வாக்கர், ஆபரேஷன் கால், நல்ல கால். வாக்கர ஒரு சின்ன எட்டு தூரம் முன்னாடி வைக்கனும், நாலு காலும் தரையில பட்டுச்சான்னு பாக்கனும், ஆபரேஷன் பண்ண கால அதுக்குள்ள வைக்கனும், கையில எடைய குடுத்துட்டு நல்ல கால அதுக்கு பக்கத்துல கொண்டு வரனும். அவ்ளோதான். எல்லாரும் பண்ற தப்பு ரெண்டு. ஒன்னு, வாக்கர ரொம்ப தூரம் தள்ளி வெச்சுட்டு குனிஞ்சு எட்டி புடிக்கறது. இன்னொன்னு, நடந்து நடந்து முன் கம்பிய வயித்துல இடிக்கற அளவுக்கு உள்ள போயிடறது, அப்படி போனா பின்னாடி மல்லாக்க விழ சான்ஸ் இருக்கு. வாக்கருக்கு நடுவுல நில்லுங்க.

ஆபரேஷன் கால வைக்கும்போது குதிகால் மொதல்ல, அப்புறம் பாதம், வைக்கற நேரத்துல முட்டி நீளனும். வலிக்குதேன்னு முட்டிய மடக்கியே வெச்சு நுனிப்பாதத்துல நடந்து பழகிட்டா அது அப்படியே நின்னுடும், பின்னாடி நிமித்தறது பெரிய பாடு. இதே காரணத்துக்காக தான் படுக்கும்போது முட்டிக்கு அடியில தலகாணி வைக்க கூடாதுன்னு சொல்றாங்க. சொகமா இருக்கும், ஆனா வேணாம், வெச்சே ஆகனும்னா குதிகாலுக்கு அடியில வைங்க. எங்க அத்தை நான் தூங்கினதும் நைசா தலகாணிய முட்டிக்கு அடியில சொருகிடுவாங்க, மூணு நாள் கழிச்சு தான் கண்டுபுடிச்சேன்.

திரும்பும்போது ஆபரேஷன் கால ஊனிக்கிட்டு உடம்ப முறுக்க கூடாது. யாராவது பின்னாடி இருந்து கூப்பிட்டா நம்ம ஆளுங்க சட்டுனு திரும்புவாங்க இல்ல, அதுதான் ஆபத்து. வாக்கர கொஞ்சம் கொஞ்சமா நகத்தி, குட்டி குட்டி எட்டா, கோயில் சுத்தற மாதிரி சுத்தி திரும்பனும். வீட்டுல இருக்கறவங்களும் பின்னாடி நின்னு கூப்பிடாம முன்னாடி போய் பேசுங்க.

ஒரே மூச்சுல தெரு கோடி வரைக்கும் போய் வீரம் காட்டறத விட, மணிக்கு ஒரு தடவ அஞ்சு நிமிஷம் நடக்கறது நல்லது. சாயங்காலம் முட்டி வீங்கி சூடா இருந்தா அன்னிக்கு நடந்தது ஜாஸ்தின்னு அர்த்தம், கால உசத்தி வெச்சு துணியில சுத்தின ஐஸ் 15, 20 நிமிஷம்.

உக்கார, எந்திரிக்க

வாக்கரோட பின்னாடியே போகனும், சேர் ரெண்டு கெண்டக்காலயும் தொடற வரைக்கும். தொட்டதுக்கு அப்புறம் ஆபரேஷன் கால கொஞ்சம் முன்னாடி நீட்டிட்டு, ஒரு கைய பின்னாடி விட்டு சேர் கைய புடி, அப்புறம் அடுத்த கை, அப்புறம் மெதுவா உக்காரு. தொப்புனு விழறது கூடாது. எந்திரிக்கும்போது சேர் நுனிக்கு வந்து, சேர் கையையோ கட்டில் விளிம்பையோ அழுத்தி எந்திரிச்சு, நின்னதுக்கு அப்புறம் வாக்கருக்கு கை போகனும். வாக்கர புடிச்சு இழுத்து எந்திரிச்சா அது நம்ம மேலயே சாஞ்சுடும், வீட்டுக்கு வந்த ரெண்டாவது நாள் ராத்திரி அத்தை அப்படி தான் பண்ணாங்க, நல்லவேளை கட்டில்லயே உக்காந்துட்டாங்க. நின்ன உடனே நடக்காதீங்க, பத்து எண்ணுங்க, மாத்திரை வேகத்துல தலை சுத்தும்.

கார், படி, அப்புறம் அந்த வலது கால் பஞ்சாயத்து

சேலத்துல இருந்து எங்களுக்கு 80 கிலோமீட்டர் கிட்ட வரும், நடுவுல தொப்பூர் கணவாய். முன் சீட்ட முழுசா பின்னாடி தள்ளி, கொஞ்சம் சாய்ச்சு, சீட் மேல ஒரு பிளாஸ்டிக் கவர் விரிச்சுட்டோம், உக்காந்து வழுக்கிக்கிட்டு திரும்பறதுக்கு. மொதல்ல சீட்டுக்கு முதுகு காட்டி உக்காரனும், அப்புறம் ரெண்டு காலையும் சேத்து உள்ள கொண்டு வரனும், கவர வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி எடுத்துடனும். வழியெல்லாம் பாதத்த மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே வரனும், ரத்தம் கட்டிக்காம இருக்க அது முக்கியம்.

வாசல்ல எங்க ஆயா (அத்தையோட அம்மா, 84) ஆரத்தி தட்டோட நிக்கறாங்க. "வலது கால வெச்சு வாம்மா"ன்னு ஒரே பிடி. படிக்கு சட்டம் என்னன்னா ஏறும்போது நல்ல கால் முன்னாடி, இறங்கும்போது ஆபரேஷன் கால் முன்னாடி. ஏன்னா ஏறும்போது மொதல்ல வைக்கற கால் தான் மொத்த உடம்பையும் தூக்கனும், இறங்கும்போது மேல நிக்கற கால் தான் மடங்கி எடைய தாங்கி இறக்கனும். அதாவது ரெண்டு தடவையும் கஷ்டமான வேலை நல்ல காலுக்கு. அத்தைக்கு ஆபரேஷன் பண்ணது வலது, அப்போ ஏற வேண்டியது இடது. ஆயா விடல, அத்தையும் தயங்கறாங்க, ஆஸ்பத்திரியில இருந்து வர்றோம், இடது கால வெச்சா ஆகுமான்னு. வீட்டுக்காரர் தான் சொன்னாரு, "ஆயா, வாக்கருக்கு நாலு கால் இருக்கு, அதுல வலது கால் தான் மொதல்ல உள்ள போகுது, போதுமா"ன்னு. ஆயா சிரிச்சுட்டாங்க, வேலை முடிஞ்சுது.

ஒன்னு ரெண்டு படி, அதுவும் வாக்கரோட நாலு காலும் நிக்கற அளவுக்கு அகலமா இருந்தா, ஏறும்போது வாக்கர மேல வெச்சுட்டு நல்ல கால், அப்புறம் ஆபரேஷன் கால். இறங்கும்போது வாக்கர் கீழ, ஆபரேஷன் கால், நல்ல கால். ஒருத்தர் கூட இருந்தே ஆகனும், ஏறும்போது அவங்களுக்கு பின்னாடி, இறங்கும்போது முன்னாடி, ரெண்டுமே கீழ்ப்பக்கம் தான். மாடிப்படிக்கு வாக்கர் எடுத்துட்டு போகாதீங்க, அதுக்கு ஒரு கையில கைப்பிடி கம்பி, இன்னொரு கையில தடி, அதுவும் பிசியோ பழக்கி விட்டதுக்கு அப்புறம். ரெண்டு முட்டியும் ஒரே சமயத்துல மாத்தினவங்க எது கொஞ்சம் தேவலையோ அத நல்ல கால்னு வெச்சுக்குங்க, வாக்கரும் கூடுதல் நாள் இருக்கும்.

பாத்ரூம்

குத்த வெச்சு உக்கார்ற டாய்லெட் கிட்டயே போக கூடாது. வெஸ்டர்ன் இல்லனா கம்மோடு சேர் வாங்குங்க, நடுவுல இருக்கற தட்ட உருவிட்டு அப்படியே பழைய டாய்லெட் மேலயும் போடலாம், ராத்திரிக்கு கட்டில் பக்கத்துலயும் போடலாம். சக்கரம் இல்லாதது வாங்கனும். சுவத்துல கைப்பிடி கம்பி அடிங்க, பிளம்பர வெச்சு ஆழமா ஸ்க்ரூ போட்டு. துண்டு போடற கம்பிய புடிச்சு எந்திரிக்க பாத்தா அது கையோட வந்துடும். தரைய பிரஷ் போட்டு தேய்ச்சு பாசி இல்லாம வைங்க, குளிச்சு முடிச்சதும் தொடைச்சு விடுங்க.

வாசல் தெளிக்கறதும் இதே கணக்கு தான். நான் வழக்கம் போல விடிகாலையில சாணி தெளிச்சு வெச்சிருந்தேன், அத்தை காத்து வாங்க வெளிய வந்தாங்க, வாக்கரோட முன் காலு சர்ருனு ஒரு சாண் வழுக்குச்சு. எனக்கு உசுரே போயிடுச்சு. அதுல இருந்து ஒரு மாசம் அவங்க நடக்கற பாதைய விட்டுட்டு தான் தெளிச்சேன், கோலமும் ஓரமா தான்.

சில்லறை விஷயங்க

சேலை கொசுவம் வாக்கர் காலுக்கு அடியில போகும், கணுக்காலுக்கு மேல ஏத்தி கட்டுங்க, இல்ல குட்டையா நைட்டி. ஆம்பளைங்கன்னா வேட்டிய மடிச்சு கட்டிக்கங்க. ஹவாய் செருப்பு வேணாம், பின்பக்கம் வார் வெச்சது போடுங்க. கையில சொம்பு, டம்ளர் எதுவும் எடுத்துட்டு நடக்க கூடாது, ரெண்டு கையும் வாக்கருக்கு தான், அதுக்கு முன் கம்பியில ஒரு மஞ்சப்பை கட்டி விட்டோம், போன், மாத்திரை, மூடி போட்ட தண்ணி பாட்டில். பையில கனம் ஏத்தாதீங்க, அத்தை அதுல ஒரு கிலோ அவரைக்காய வெச்சுட்டு அடுப்படிக்கு போனாங்க, முன்னாடி கவுத்துது. ஆடு, கோழி, நாய்க்குட்டி எல்லாம் நடக்கற நேரத்துல கட்டி போடுங்க. ராத்திரிக்கு ஒரு சின்ன லைட் எரியட்டும், கரண்ட் போனா எடுக்கற மாதிரி டார்ச் தலமாட்டுல. களி தின்ன கீழ தான் உக்காரனும்னு அடம் பண்ணாலும் டேபிள்ல வெச்சே குடுங்க.

கைத்தடிக்கு மாறுறது

இதுல தான் ஊரே கணக்கு பாக்கும். "எங்க மாமியாருக்கு 15 நாள்ல வாக்கர் போச்சு, உங்களுக்கு இன்னும் போகலையா"ன்னு பாக்க வர்றவங்க எல்லாம் கேப்பாங்க. காது குடுக்காதீங்க. பொதுவா மூணுல இருந்து ஆறு வாரத்துக்குள்ள தடிக்கு மாத்துவாங்க, ஆளுக்கு ஆள் மாறும். எங்க பிசியோ சொன்ன ஒரு அடையாளம் எனக்கு புடிச்சுது: வாக்கர கூடை மாதிரி கையில தூக்கிக்கிட்டே நடக்கறாங்க, சாயாமலயே நொண்டாம வர்றாங்கன்னா ரெடின்னு அர்த்தம். தடிக்கு மாறினதும் நொண்ட ஆரம்பிச்சா திரும்ப கொஞ்ச நாள் வாக்கருக்கே போங்க.

தடி எந்த கையில? நிறைய பேர் தப்பா தான் புடிக்கறாங்க, வலிக்கற பக்கத்துலயே. ஆபரேஷன் பண்ணது வலது கால்னா தடி இடது கையில இருக்கனும். நடக்கும்போது இயல்பா வலது கால் போகும்போது இடது கை தான முன்னாடி வரும், அதே மாதிரி தடியும் வலது காலும் ஒன்னா போய் ஒன்னா தரைய தொடனும், எடை ரெண்டுக்கும் பிரியும். அதே பக்கம் புடிச்சா உடம்பு மொத்தமும் அந்த முட்டி மேலயே சாயும். உயரம் அதே வளையல் கோடு தான். தோட்டத்துல வெட்டின மூங்கில் கோல நெஞ்சு உயரத்துக்கு புடிக்கறது மாடு மேய்க்க சரி, இதுக்கு ஆகாது. நாலு கால் வெச்ச தடி வீட்டு தரைக்கு ஓகே, மாந்தோப்பு வரப்பு மாதிரி மேடு பள்ளத்துல நாலும் ஒன்னா பதியாது, ஆடும், அங்க ஒத்த முனை தடி தான் தேவலை.

டவுன் பஸ் படி உயரம் ஜாஸ்தி, டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் ஆசைப்பட வேணாம். அப்புறம் ஏறினாலும் கம்பிய புடிச்சுட்டு நல்ல கால் மொதல்ல, உக்காந்ததுக்கு அப்புறம் விசில் அடிங்கண்ணான்னு கண்டக்டர் கிட்ட சொல்லிடுங்க.

பிசியோவ வாரா வாரம் டவுனுக்கு போய் பாக்க முடியலன்னா, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி குடுக்கறாங்க. 2021 ஆகஸ்ட் 5ல அத ஆரம்பிச்சதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தான். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ, ஊருக்கு வர்ற நர்ஸம்மா கிட்டயோ கேளுங்க.

இதெல்லாம் வந்தா வீட்டு வைத்தியம் வேணாம், உடனே ஆஸ்பத்திரி: கெண்டக்கால்ல புதுசா வலி, வீக்கம், காய்ச்சல், தையல் போட்ட இடத்துல நீர் கசியறது, சிவந்து போறது, கீழ விழுந்ததுக்கு அப்புறம் கால் ஊன முடியாம போறது. திடீர்னு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலிச்சாலோ 108 தான், கார் தேடிட்டு இருக்காதீங்க. எண்ணெய் போட்டு நீவி விடறேன்னு யாராவது வந்தா காபி குடுத்து அனுப்பி வைங்க.

அத்தை வைகாசியில தடியோட மாந்தோப்புக்கு போயிட்டு வந்தாங்க. வாக்கர் இப்ப மேலத்தெரு டீச்சரம்மா வீட்டுல இருக்கு, அவங்க கொஞ்சம் உயரம், குடுக்கறதுக்கு முன்னாடி நாலு காலையும் ரெண்டு ஓட்டை ஏத்தி, தேய்ஞ்ச புஷ்ஷு ரெண்டையும் மாத்தி தான் குடுத்தேன். மஞ்சப்பைய மட்டும் அத்தை அவுத்து வாங்கி வெச்சுக்கிட்டாங்க.